இறுக்கியும் அடங்காத கை

நட்டைக் கையில் எடுத்ததும் இந்திரஜித் முதலில் அதற்குள் ஊதுவார். பிறகு அதை, சில்லைப் பூட்டும் ஸ்டட் ஆணியின் நுனியில் வைத்து, பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மட்டும் சுழற்றுவார். அந்நேரத்தில் ஸ்பானர் தரையில் கிடக்க வேண்டும். கையில் இருக்கக் கூடாது. நட் விரலுக்கு இணங்கிக் கடைசிவரை ஓடிவிட்டால், "ம்… வீடு போய்ச் சேந்துருச்சு" என்பார். பாதியில் சிக்கினால் உடனே கழற்றி, நட்டையும் ஸ்டட்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். "வெரலு போகாத எடத்துக்கு ஸ்பானர் போகக் கூடாது சேர். ஸ்பானருக்குக் கண்ணு கெடையாது. அது பொய்யையும் இறுக்கிப்புடும்."

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியில், கடைகள் ஓய்ந்து தேயிலை தொடங்கும் இடத்தில் அவருடைய கராஜ் இருக்கிறது. இரு பக்கமும் தகரம்; பின்புறம் வெட்டிய மண்மேடு. நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். மெலிந்த உடம்பு; அதற்குப் பொருந்தாத தடித்த மணிக்கட்டு. காற்சட்டையின் ஒரு பையில் பழந்துணி, மற்றொன்றில் வெற்றிலை. வெற்றிலையை வேலை முடிந்த பிறகுதான் போடுவார். அண்மைக்காலமாக அந்தப் பை பிதுங்கியே இருக்கிறது. அவருடைய வேலை முடிவதே இல்லை.

அவரிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஸ்பேசர். நகரத்து இளைஞர்கள் காரின் சில்லுகள் வெளியே தள்ளி அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்பார்கள். தோட்டத்து வேன்காரர்களின் தேவை வேறு. மேற்பிரிவுகளுக்கு ஏறும் பாதைகள் பலவற்றில், இரு பக்கச் சில்லுகளுக்கும் இரண்டு கொங்கிரீட் பட்டைகள் மட்டுமே போட்டிருக்கிறார்கள். நடுவில் புல்லும் கல்லும். அந்தப் பட்டைகள் கொழுந்து லொறியின் அகலத்துக்கு அளந்து போடப்பட்டவை. சிறிய வேனின் சில்லுகள் அவற்றின் உள்விளிம்பில் தொற்றிக்கொண்டு ஓடும். மழை நாளில் வழுக்கி நடுப்பள்ளத்தில் இறங்கும். சில்லுக்கும் அதைத் தாங்கும் மையத்துக்கும் இடையில் விரற்கனத்தில் ஓர் உலோகத் தட்டை வைத்தால், வேன் அவ்வளவு அகன்று பட்டையின் மேல் ஏறி நிற்கும். அந்தத் தட்டுத்தான் ஸ்பேசர்.

தட்டு நுழைந்தால் பழைய ஸ்டட்டின் நீளம் போதாது. நட் ஓரிரண்டு திருகுப் புரிகளை மட்டும் பற்றிக்கொண்டு நிற்கும். ஆகவே பழைய ஸ்டட்டுகளைத் தட்டியெடுத்து நீண்டவற்றை ஏற்ற வேண்டும். இந்திரஜித் ஸ்டட் தெரிவு செய்யும் விதம் பார்க்கத் தக்கது. பழையதையும் புதியதையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்து, புரிக்குள் புரி அமர்கிறதா என்று வானத்தை நோக்கிப் பிடிப்பார். இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தால், "இது வேற குடும்பம். சம்பந்தம் சரிவராது" என்று ஒதுக்கிவிடுவார். ஸ்டட்டின் கழுத்திலுள்ள பல்வரிசையை நகத்தால் வருடிப் பார்ப்பார். பல் மெலிந்திருந்தால் ஸ்டட் தன் குழியிலேயே சுழலும். தடித்திருந்தால் குழி விரியும். "ஒரே மாதிரி இருக்குன்னு மாட்டிறாதீங்க. ஒரே மாதிரி இருக்கிறதுதான் ஆபத்து."

இவ்வளவு கவனமுள்ளவரைத் தேடி ஊர் திரள வேண்டும். ஆனால் கராஜின் முன் வாகனங்கள் குறைந்துவிட்டன. அதற்கான காரணத்தைப் பக்கத்து உதிரிப்பாகக் கடையின் றிகாஸ், அவர் காதுபடவே சொல்லிச் சிரிப்பார்: "எங்க அண்ணன்கிட்ட குடுத்தா வீலு கழலவே கழலாது. பொறவு கழட்டவும் ஏலாது!"

அது வெறும் கேலியன்று. நட்டை விரலால் ஏற்றும்வரை இந்திரஜித்தின் கை பழைய கைதான். ஸ்பானரை எடுத்த பிறகு அது வேறொருவருடைய கையாகிவிடுகிறது. குறுக்காகக் குறுக்காக, முறைப்படி, நான்கு நட்டுகளையும் இறுக்குவார். எழுந்து நிற்பார். மறுபடியும் குந்துவார். முதல் நட்டிலிருந்து மீண்டும் தொடங்குவார். "இப்பதானே இறுக்குனீங்க?" என்று வாகனக்காரர் கேட்டால், கேட்டது விளங்காதவர் போல் பார்ப்பார். வாகனம் புறப்பட்டு வீதியில் ஏறிய பிறகும் கையைத் தட்டி நிறுத்தி, ஓடிச்சென்று வீதியோரத்தில் குந்தி இறுக்கியிருக்கிறார். பின்னால் பசறை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும். நடத்துநர் வாசற்படியில் தொங்கியபடி, "ஐயா, எங்க வீலையும் கொஞ்சம் பாருங்க!" என்று கத்துவார். பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அது கேட்பதில்லை.

இரும்புக்கும் ஓர் எல்லை உண்டு. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்டட் இழுபடும், இழுபட்டது மெலியும், மெலிந்தது ஒருநாள் சொல்லாமல் ஒடியும். இதை எனக்குச் சொல்லித் தந்தவரே இந்திரஜித்தான். றிகாஸ் அவருக்காகக் கொழும்பிலிருந்து ஒரு ஸ்பானரை வரவழைத்துக் கொடுத்தார். தேவையான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். இந்திரஜித் அதைக் கொண்டு ஒருமுறை இறுக்கினார். டிக் என்றது. மறுமுறையும் டிக் என்றது. அவர் அதைத் துடைத்து, உறைக்குள் வைத்து, றிகாஸின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். "நல்ல சாமான்தான். ஆனா அது சொல்லுதுன்னு நான் எப்பிடி வீட்டுக்குப் போயித் தூங்குறது?"

அவருடைய தூக்கம் சென்ற ஆண்டு போனது.

தங்கை நிஷாந்தினியின் கணவர் ரமேஸ், மேற்பிரிவின் லயக் குடியிருப்புகளிலுள்ள தொழிலாளர் பிள்ளைகளைப் பசறையிலுள்ள பள்ளிக்கு ஏற்றிச்செல்வதற்காக ஒரு பழைய வேன் வாங்கினார். இந்திரஜித்தே ஸ்பேசர் போட்டார். ஸ்டட்டையும் அவரே தெரிவு செய்தார். புதிதாக ஏற்றிய ஸ்டட் முதல் ஓட்டத்தில்தான் தன் குழிக்குள் முழுமையாக அமரும். அமர்ந்ததும் நட்டில் ஓர் இளக்கம் பிறக்கும். அதனால், "ஒரு ஓட்டம் ஓடிட்டு நேரா இங்க வா. இன்னொரு பிடி இறுக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்.

ரமேஸ் சொன்னபடியே வந்தார். ஆனால் வரும் வழியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வேனுக்குப் பூசை நடந்திருந்தது. பூசாரி நான்கு சில்லுகளிலும், ஒவ்வொரு நட்டின் மேலும், சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்திருந்தார். இந்திரஜித் ஸ்பானருடன் குந்தினார். ரமேஸ் அவருடைய கையைப் பிடித்தார். "மச்சான், அம்மன் வச்ச பொட்டு. இன்னைக்கே இரும்பப் போட்டு அழிக்காத. அதுவா உதிரட்டும், பொறவு இறுக்கு." இந்திரஜித்தும் அந்த அம்மனுக்குத் தீ மிதித்தவர். அவருக்கும் மனம் வரவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தார்.

சந்தனம் காய்ந்து உதிருமுன் வேன் மலையேறி இறங்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வெறும் வேனாகத் திரும்பும்போது, வளைவொன்றில் பின்பக்க இடச்சில்லு தனியே கழன்று தேயிலைக்குள் ஓடியது. வேன் அதன் பின்னால் உருண்டது. ரமேஸ் உயிர் பிழைத்தார். இடது தொடை எலும்பு மட்டும் கோணலாகக் கூடியது. இப்போது அந்தக் கால் மற்றதைவிடக் குட்டை.

லயத்தில் யாரும் இந்திரஜித்தைக் குற்றம் சொல்லவில்லை. யாரோ கண் வைத்த கண்ணூறு என்றார்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நடந்ததே அம்மனின் கருணை என்று பொங்கலும் வைத்தார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் போய், "கண்ணூறு இல்ல, நான் இறுக்கல, என் தப்புத்தான்" என்று சொன்னார். "அட விடு தம்பி, நடக்கணும்னு இருந்தா நடக்கும்" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். அவர் கொண்டுபோன குற்றத்தை வாங்கிக்கொள்ள அந்த மலையில் ஒருவர்கூட இருக்கவில்லை. அதை அவரே திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

சென்ற சனிக்கிழமை காலை, என் காரின் முன்சில்லைப் பார்ப்பதற்காக நான் அங்கே இருந்தபோது, அந்த வேன் வந்து நின்றது. தகரம் தட்டிச் சாயம் பூசியிருந்தார்கள். ஓட்டிவந்தவர் ரமேஸ், பக்கத்தில் நிஷாந்தினி. இந்திரஜித் என் காருக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை.

"என்னா மச்சான், மாப்பிள்ளையப் பார்த்தா காருக்கு அடியில பூந்துக்குவியா?" ரமேஸ் ஊன்றுகோல் இல்லாமலே இறங்கினார். "வெளிய வா. ஒனக்கு ஒண்ணு காட்டணும்."

இந்திரஜித் ஊர்ந்து வெளியே வந்தார். "காலு எப்பிடி இருக்கு?"

"காலுக்கென்னா? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. இந்தா, குட்டைக்கு ஸ்பேசர் போட்டாச்சு பாரு." இடது செருப்பைத் தூக்கிக் காட்டினார். அதன் அடியில் கனத்த டயர்த் துண்டு ஒன்றைத் தைத்திருந்தார்கள். "பசார்ல செருப்புத் தைக்கிறவரு ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துட்டாரு. ஒங்கிட்ட குடுத்திருந்தா இன்னமும் இறுக்கிக்கிட்டே இருந்திருப்ப. கிளச்சு இப்ப சும்மா பஞ்சு மாதிரி அமுங்குது."

கடை வாசலில் நின்ற றிகாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, இந்திரஜித்தின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

நிஷாந்தினி ஒரு சீமெந்துப் பையைத் தரையில் வைத்தார். உள்ளே புதிய தட்டுகளும் நீண்ட ஸ்டட்டுகளும் இருந்தன. "அண்ணே, திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. தட்டு இல்லாம அந்த ரோட்டுல ஏற முடியாது. அன்னைக்கு நம்ம வேன் வரலன்னா பிள்ளைங்கள எல்லாம் கீழ்ப்பிரிவு வேனுக்கு மாத்திருவாங்களாம். மாத்திட்டா அவ்வளவுதான், திரும்பி வராதுங்க. இவரால கொழுந்து மூட்டையா தூக்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

"அப்புத்தளையில ஒரு ஆளு இருக்கான். சுத்தமா வேல செய்வான். நான் போன் பண்ணிச் சொல்லிவிடுறேன்."

"பதுளையில அண்ணன வச்சிக்கிட்டு அப்புத்தளைக்கா போவாங்க? லயத்துல என்னா பேசுவாங்க? அண்ணன் கைய தங்கச்சியே நம்பலன்னு பேச மாட்டாங்களா?"

"நம்பாத நிஷா. அதத்தான் நானும் சொல்றேன்."

 ரமேஸ் வேனின் மீது சாய்ந்துகொண்டு தொடங்கினார். "இங்க பாரு மச்சான். பொட்ட அழிக்காதன்னு ஒன் கையப் புடிச்சது யாரு? நானா, நீயா?"

"நீ புடிச்ச. விட்டவன் நான்."

"சரி, ரெண்டு பேரும்தான். நான் காலக் குடுத்துட்டேன். நீ என்னாத்தக் குடுக்கப் போற? தொழிலயா? வேணாம்பா. வேலயப் பாரு. இந்தத் தடவ கோயிலுக்குப் போகல, நேரா ஒங்கிட்டதான் வாறேன்."

அவர் விளையாட்டாகப் பேசினாலும், எதற்காக வந்திருக்கிறார் என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் விளங்கியது. வேறு கராஜ் கிடைக்காமல் அவர் வரவில்லை. தம் வேனையும் பிள்ளைகளின் பயணத்தையும் அதே கையில் ஒப்படைப்பதற்காக, அந்தக் குட்டைக் காலால் கிளச்சை மிதித்துக்கொண்டு மலையிறங்கி வந்திருந்தார். இந்திரஜித்துக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். வேனைத் தூக்கும் ஜக்கை எடுத்து வந்தார்.

முன்சில்லுகள் இரண்டும் நன்றாகவே அமைந்தன. பழைய ஸ்டட்டுகளைத் தட்டியெடுத்து, புதியவற்றை இழுத்து ஏற்றி, மையத்தின் துருவைச் சுரண்டித் துடைத்து, தட்டைப் பொருத்தினார். நட்டுகள் விரலுக்கு ஓடின. ஒவ்வொரு சில்லையும் மூன்றோ நான்கோ சுற்று இறுக்கியதோடு எழுந்துவிட்டார். ரமேஸ் அவரைப் பேச்சில் வைத்திருந்தார்: மேற்பிரிவில் புதிதாக வந்த கணக்குப்பிள்ளையின் தொப்பை, மொனராகலைக்குப் பெண் கொடுத்த வீட்டின் வெயில் புராணம். இந்திரஜித் ஓரிடத்தில் சிரிக்கவும் செய்தார். நிஷாந்தினி பையிலிருந்த ரொட்டியைப் பிரித்து, "சாப்பிட்டுச் செய்யுங்கண்ணே" என்றார். "முடிச்சிட்டு" என்றார் அவர். பின்பக்க வலச்சில்லும் ஆயிற்று.

எஞ்சியது அன்று கழன்றோடிய பின்பக்க இடச்சில்லு. அங்கே வந்து குந்தியதும் அவர் பேச்சை நிறுத்தினார்.  ஸ்டட் ஏறியது, தட்டு ஏறியது, சில்லும் ஏறியது. விரலால் ஓட்டினார், ஓடின. ஸ்பானரை எடுத்தார். இறுக்கினார். மீண்டும் இறுக்கினார்.  ஸ்பானரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி நீட்டிக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தார்.

"போதும் மச்சான்."

அவர் நிறுத்தவில்லை. காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஓர் ஓசை எழுந்தது. நட்டும் அதற்குள் ஒடிந்த ஸ்டட்டின் துண்டும் தரையில் விழுந்து உருண்டன.

"அதுக்கென்னா, ஸ்டட்டு பழசாயிருக்கும்" என்றார் ரமேஸ். அது புதியது என்பது அவருக்குத் தெரியும். றிகாஸ் கடைக்குள் போய் வேறொன்றை எடுத்து வந்து நீட்டினார். இந்திரஜித் சில்லைக் கழற்றினார். ஒடிந்ததைத் தட்டியெடுத்து, மற்றதை ஏற்றி, எல்லாவற்றையும் மறுபடி பூட்டினார். நெற்றியிலிருந்து வியர்வை தட்டின்மேல் சொட்டியது. குழாயை நிஷாந்தினி தம் காலுக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டார். குழாய் இல்லாமலே, எழுந்து நின்று ஸ்பானரின் மீது ஏறி மிதித்தார் இந்திரஜித். இன்னொன்று ஒடிந்தது.

"அண்ணே…" என்ற நிஷாந்தினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இந்திரஜித் ஒடிந்த துண்டை எடுத்துப் பார்த்தார். உடைந்த முகம் வெள்ளி போல மின்னியது. "பாத்தியா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. "இறுக்காட்டியும் போகுது. இறுக்குனாலும் போகுது."

ரமேஸ் அருகில் வந்து, அவர் கையிலிருந்த ஸ்பானரைப் பிடித்து இழுத்தார். விரல்கள் விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "நகரு மச்சான்" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

றிகாஸ் மீண்டும் ஒரு ஸ்டட் கொண்டுவந்து, இந்தமுறை தாமே ஏற்றிக் கொடுத்தார். ரமேஸ் ஒரு சாக்கைத் தரையில் விரித்து உட்கார்ந்தார். முழுதாக மடங்காத இடது கால் டயர்ச் செருப்போடு முன்னால் நீண்டு கிடந்தது. நட்டுகளை விரலால் ஓட்டினார். பிறகு குறுக்காகக் குறுக்காக, ஒவ்வொன்றையும் ஓர் அளவோடு இறுக்கினார். இத்தனை நாளாக மச்சானின் கையைப் பார்த்துப் பழகிய வேலை. இந்திரஜித் மண்மேட்டின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கைகள் இரண்டையும் கக்கங்களுக்குள் செருகியிருந்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

ரமேஸ் வேனை எடுத்துக்கொண்டு பதுளை நகர்வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி சாக்கில் உட்கார்ந்து நான்கு சில்லுகளையும் ஒரு பிடி இறுக்கினார். எழுந்திருக்க நிஷாந்தினி தோள் கொடுத்தார்.

"சரியா இருக்கு மச்சான். நீ வந்து ஒருக்கா பாரு."

இந்திரஜித் திரும்பினார். சில்லைப் பார்க்கவில்லை. தங்கை நீட்டிய ரொட்டிப் பொதியையும் பார்க்கவில்லை. ரமேஸ் ஸ்பானரைத் துடைத்து, பிடியை அவர் பக்கமாக வைத்து நீட்டினார். வேன் உறுமிக்கொண்டு நின்றது. நீட்டிய கை நீட்டியபடியே வெகுநேரம் இருந்தது.

இந்திரஜித் கக்கத்திலிருந்து கைகளை எடுக்கவில்லை. ஸ்பானரை அங்கே வைத்துவிடு என்பது போல, முகவாயால் தரையைக் காட்டினார்.